வன்னியில் சிறுகடை நடத்துவோருக்கு இலவசச் சட்ட உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரந்தனில் டயர் ஒட்டுகிறவர், புதுக்குடியிருப்பில் தையல் கடை வைத்திருக்கிறவர், மல்லாவியில் பலசரக்கு விற்கிறவர், மாங்குளத்தில் தேத்தண்ணிக் கடை போட்டிருக்கிறவர் என்று பலரும் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சட்டத்தரணி என்றால் காசுக்காரருக்குத்தான் என்று நினைத்து, இருந்த உரிமையையும் நாள் கடத்தி இழந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. ஆகவே எந்தப் பதிலிலாவது நாள்கணக்கு வந்தால் அந்த இடத்தில் நின்று இன்னொரு தரம் படியுங்கள்.

என்னுடையது சின்னக் கடை. எனக்கெல்லாம் இலவசமாகச் சட்டத்தரணி தருவார்களா?

தருவார்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இதற்காகவே இருக்கிறது. கட்டணம் கொடுக்க வசதியில்லாதவருக்கு ஆலோசனை சொல்வதும் அவருக்காக வழக்கில் தோன்றுவதும் அதன் வேலை. கடை வைத்திருப்பதால் உங்களை முதலாளி என்று தள்ளிவைக்க மாட்டார்கள். தனியாளாக நடத்தும் கடையைச் சட்டம் உங்களிலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. கடையின் கடன் உங்கள் கடன், கடைக்கு வர வேண்டிய காசு உங்கள் காசு. ஆகவே விண்ணப்பிப்பவர் நீங்கள்தான், பார்க்கப்படுவதும் உங்கள் வருமானம்தான். லிமிட்டெட் கம்பனியாகப் பதிந்திருந்தால் அது வேறு கதை.

வருமானம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடையில் புரளும் காசு வருமானம் இல்லை. நாளுக்கு 20,000 ரூபாவுக்கு விற்றாலும், சாமான் எடுத்த காசு, வாடகை, கரண்ட் பில், பழுதாகிப்போன மரக்கறி எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் வருமானம். கிராம சேவகர் கேட்கும்போது “மாதம் ஆறு இலட்சம் புரளும்” என்று சொன்னால் படிவத்தில் அதுதான் ஏறும். பிறகு தகுதி இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது? எதைக் கொண்டுபோக வேண்டும்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் ஆணைக்குழுவுக்கு அலுவலகம் இருக்கிறது. அந்தந்த ஊர் நீதிமன்றத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள். அடையாள அட்டை, கிராம சேவகரின் வருமான உறுதிப்படுத்தல், பிரச்சினை சம்பந்தமான எல்லாக் கடதாசியும் வேண்டும். “எல்லா” என்று சொல்வது தெரிந்துதான். எது முக்கியம், எது தேவையில்லை என்று வீட்டிலிருந்து நீங்களே பிரித்துக் கொண்டுவர வேண்டாம். கடித உறையைக்கூட எறியாதீர்கள். அதிலுள்ள தபால் முத்திரைதான் கடிதம் என்றைக்கு உங்கள் கைக்கு வந்திருக்கும் என்பதைக் காட்டும்.

வருமானக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை என்று ஆலோசனையைப் பிற்போடவும் வேண்டாம். ஆலோசனை கேட்பது வேறு, வழக்குக்குச் சட்டத்தரணி வைப்பது வேறு. வருமானக் கணக்கு முக்கியமாக இரண்டாவதற்குத்தான்.

இலவசம் என்றால் ஒரு சதமும் செலவில்லையா?

சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கட்டணம்தான் இல்லை. நீங்கள் நீதிமன்றத்துக்கு வந்துபோகும் பஸ் காசு, கடை பூட்டிய நாளின் உழைப்பு, காணி வழக்கென்றால் நில அளவையாளரின் செலவு, நீங்கள் எடுக்கும் சான்றிதழ்ப் பிரதிகளின் கட்டணம் எல்லாம் இருக்கும். முதல் நாளே “இந்த வழக்கில் என் கையால் என்னென்ன செலவாகும்?” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தகுதி இல்லை என்று சொல்லிவிட்டால்?

அதோடு வழி முடிந்துவிடாது. இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கு ஊர்க் கிளைகள் உண்டு. கட்டணம் வாங்காமல் அல்லது குறைத்து வழக்கெடுக்கும் சட்டத்தரணிகள் வன்னி நீதிமன்றங்களிலும் இருக்கிறார்கள். நேரே போய் நிலைமையைச் சொல்லுங்கள். சும்மா செய்பவர் ஏனோதானோ என்று செய்வார் என்ற பயம் வேண்டாம். கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தன் கட்சிக்காரர் மீது சட்டத்தரணிக்குள்ள கடமை ஒன்றுதான்.

கடனுக்குச் சாமான் எடுத்தவர்கள் காசு தருகிறார்கள் இல்லை. கடன் கொப்பி இருக்கிறது. வழக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. விற்றுக் கொடுத்த சாமான், கடைக் கணக்கு, கொப்பிக் கடன், செய்துகொடுத்த வேலைக்கான கூலி எல்லாவற்றுக்கும், காசு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான். வாய்ச்சொல்லால் செய்த மற்ற ஒப்பந்தங்களுக்கு மூன்று வருடமும் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடமும் இருக்கிறது. கடைக்காரருக்கு மட்டும் இவ்வளவு குறுகிய காலம் என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. “அறுவடை முடியத் தாறன்” என்றால் காலபோகமும் சிறுபோகமும் தாண்டக் காத்திருந்து பழகியவர்கள் நாங்கள். நெல்லுக்கு விலையில்லாமல் போனால் அடுத்த போகத்துக்கும் விடுவோம். அதற்குள் வருடம் முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு மருந்து அதே சட்டத்தில் இருக்கிறது. கடன்பட்டவர் “இவ்வளவு தர வேண்டும்” என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் காலம் அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். கடனில் ஒரு பகுதியைக் கட்டினாலும் அப்படியே. வாயால் ஒத்துக்கொண்டதற்கு அந்தப் பலன் இல்லை.

இனிக் கொப்பியைப் பார்ப்போம். பெரும்பாலான கொப்பிகளில் ஒரு பக்கம் இப்படித்தான் இருக்கும்: “மில்லடி ரவி அண்ணை – சீனி 2, மா 5, தீப்பெட்டி – 2340”. திகதி இல்லை, முழுப்பெயர் இல்லை, கையெழுத்தும் இல்லை. ரவி அண்ணை நீதிமன்றத்தில் வந்து “அது நான் இல்லை” என்றால் உங்கள் வாயை விட்டால் வேறு சாட்சி கிடையாது. ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் தலைப்பில் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் திகதி போடுங்கள். மாதக் கடைசியில் மொத்தத்தை எழுதி, “மேற்படி தொகை நான் தர வேண்டியது” என்ற ஒரு வரிக்குக் கீழே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். உறவுக்காரரிடமும் வாங்குங்கள். மாதாமாதம் எல்லோரிடமும் வாங்கும் வழக்கம் கடையில் இருந்தால் ஒருவரும் மனம் நோக மாட்டார்கள்.

கடைப்பெயரையும் கவனியுங்கள். உங்கள் சொந்த முழுப்பெயரில் அல்லாமல் “அம்மன் ஸ்ரோர்ஸ்” போன்ற பெயரில் நடத்தினால் பிரதேச செயலகத்தின் ஊடாக வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். பதியாத பெயரில் வியாபாரம் செய்தவர் வழக்குக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

செக் திரும்பிவிட்டது. பொலிசுக்குப் போகலாமா?

போகலாம். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடுதல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா அல்லது செக் தொகையில் பத்து வீதம் என்ற இரண்டில் கூடியது தண்டம். சிறையும் தண்டமும் சேர்ந்தும் விதிக்கப்படலாம். வங்கி தரும் திரும்பிய சீட்டைச் செக்கோடு சேர்த்து வையுங்கள். பொலிஸ் வழக்கால் அவருக்குத் தண்டனை கிடைக்கும். உங்கள் காசு தானாக வரும் என்று நினைக்காதீர்கள். காசுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு இருக்கிறது, அதற்குக் காலம் ஆறு வருடம்.

இதே சட்டம் உங்களுக்கும் பொருந்தும். ஏஜென்டிடம் சாமான் எடுக்கும்போது வரப்போகும் திகதி போட்டுச் செக் கொடுக்கிறவர்கள், அந்தத் திகதிக்குக் காசு போட முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லித் தவணை கேளுங்கள்.

வழக்குப் போடக் கேட்டால் முதலில் இணக்க சபைக்குப் போகச் சொல்கிறார்கள். அலைக்கழிக்கிறார்களா?

இல்லை, சட்டமே அப்படித்தான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கல் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்கு, எங்கள் பேச்சில் இணக்க சபைக்கு, போக வேண்டும். அங்கே இணங்கவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அந்தத் தொகை வரம்பு பல தடவை உயர்த்தப்பட்டிருக்கிறது, இன்றைய வரம்பைச் சட்ட உதவி அலுவலகத்தில் கேளுங்கள்.

சிறுகடைக்காரருக்கு இது நல்ல இடம் என்பது என் அபிப்பிராயம். கட்டணம் இல்லை. சட்டத்தரணிகள் அங்கே பேச முடியாது, ஆகவே எதிர்த்தரப்பு வசதிக்காரர் என்றாலும் அவரும் உங்களைப் போலத் தன் வாயால்தான் பேச வேண்டும். பெரும்பாலும் சனி, ஞாயிறில் பாடசாலைக் கட்டடங்களில் கூடும். எதிர்த்தரப்பு வராமலே விட்டாலும் சான்றிதழ் கிடைக்கும். கொப்பியில் கையெழுத்து இருந்தால் இங்கேயே பாதி வேலை முடிந்துவிடும். அரசாங்கம் ஒரு தரப்பாக இருக்கும் பிணக்கு மட்டும் இங்கே எடுக்கப்படாது.

கடைச் சொந்தக்காரர் திடீரென்று எழும்பச் சொல்கிறார். சாமான் உள்ளே இருக்க வேறு பூட்டுப் போட்டுவிட்டார். என்ன செய்வது?

அவர் சொந்தக்காரராக இருந்தாலும் தன் கையால் உங்களை வெளியே போட முடியாது. வாடகைக்காரரை எழுப்ப நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

அன்றைக்கே செய்ய வேண்டியது: பூட்டையும் கதவையும் படம் எடுங்கள், அயல் கடைக்காரர் இரண்டு பேரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள், பொலிசில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை வாங்குங்கள். பூட்டை நீங்களே உடைக்காதீர்கள். உடைத்தால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். அடுத்ததாகச் சட்டத்தரணி. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், சமாதானக் குலைவு வரக்கூடிய காணி, கட்டடப் பிணக்குகளில் பொலிசும் அறிக்கையிடலாம், நீங்களும் சத்தியக் கடதாசியோடு நேரே மனுப் போடலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விட நீதவான் கட்டளையிடலாம். ஆனால் மனுப் போடும் நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றம் நடந்திருக்க வேண்டும். “ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்கிறார்கள்” என்று மூன்றாவது மாதம் வந்தால் இந்தக் கதவு மூடிவிடும். பெரியவர்கள் பேசட்டும், மனுவும் போகட்டும்.

வாடகை ஒப்பந்தம் பற்றியும் கேட்பார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் செல்லும், இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து வரும் விதி. வெறும் கடதாசியில் “ஐந்து வருடத்துக்கு” என்று எழுதி இருவரும் கையெழுத்து வைத்தது ஐந்து வருடத்துக்குச் செல்லாது, பெரும்பாலும் மாத வாடகையாகவே பார்க்கப்படும். இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் என்று முற்பணம் கொடுத்து, ரக்கை அடித்து, சீமெந்து பூசிக் கடையைத் திருத்துகிறவர்கள் அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை நொத்தாரிசுக்குக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்க மனம் வேகிறது. மாத வாடகையை ரசீதுக்கு அல்லது வங்கிக் கணக்குக்குக் கட்டுங்கள். வாங்க மறுத்தால் தபால் காசுக் கட்டளையாக அனுப்பி அடிக்கட்டையை வையுங்கள்.

கடை பெர்மிட் காணியில் இருக்கிறது. வெளியேறச் சொல்லி அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள்.

இது வன்னியில் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய விடயம். குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும் பகுதி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பெர்மிட்டில் இருக்கிறது. பெர்மிட்காரர் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. அவரிடம் காசு கொடுத்துக் கடை போட்டவருக்குச் சட்டத்தின் முன் காட்ட ஒன்றும் இல்லாமல் போவது இதனால்தான். கடை போடுவதற்கு முன்பே பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள்.

அறிவித்தல் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வந்திருந்தால் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அந்த 30 நாள்தான் உங்களுக்குள்ள நேரம். அது நீதவானிடம் போனபின் அவர் பார்ப்பது ஒன்றைத்தான்: செல்லுபடியான பெர்மிட்டோ வேறு எழுத்து அதிகாரமோ உங்களிடம் இருக்கிறதா? “இருபது வருடமாக இருக்கிறேன்”, “இடம்பெயர்ந்து திரும்பி வந்து கட்டினேன்” என்பதை அவர் அங்கே கேட்க முடியாது. அதையெல்லாம் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நேரம் எடுக்கும். ஆகவே ஒட்டிய அன்றைக்கே போங்கள்.

யுத்தத்தில் கடதாசி தொலைந்தவர்கள் “ஒன்றும் இல்லை” என்று கைவிட்டுவிடாதீர்கள். பெர்மிட் விபரம் பிரதேச செயலகப் பேரேட்டில் இருக்கும். நொத்தாரிசு உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அலுவலகம் பதில் தராமல் இழுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வட்டிக்குக் காசு எடுத்தேன். தொகை எழுதாத வாக்குறுதி நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது மூன்று மடங்கு கேட்கிறார்கள்.

தனியாரிடம் எடுத்த கடனில் அறவிடக்கூடிய வட்டி முதலுக்கு மேலே போக முடியாது. இது எங்கள் நாட்டின் பழைய சட்டம். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் காசு கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி வாக்குறுதி நோட்டில் உண்மையாகக் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி, வருட வட்டி வீதம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். வெற்று நோட்டு வாங்குவது கொடுத்தவருக்கே வில்லங்கம். ஆகவே அழைப்பாணை வந்தால் ஒளிந்திருக்க வேண்டாம். நீங்கள் போகாவிட்டால் அவர் கேட்ட தொகைக்கே ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். இதுவரை கட்டியதற்குள்ள துண்டு, போன் செய்தி, சாட்சி எல்லாம் சேர்த்துக்கொண்டு போங்கள்.

வங்கி, பதிவுபெற்ற நிதி நிறுவனம் பற்றிய முறைப்பாட்டை மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். கடனின் முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவென்றால், நீதிமன்றம் போகாமல் ஈட்டுச் சொத்தை ஏலம் போடும் விசேட அதிகாரத்தை வங்கி பாவிக்க முடியாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

ஒரே ஒரு பெடியன்தான் வேலைக்கு. அவனுக்கும் ஈ.பி.எஃப் கட்ட வேண்டுமா?

ஆம், ஒருவர் என்றாலும் கட்ட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அவருடைய சம்பளத்திலிருந்து 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். குடும்பத்தார் மட்டுமே வேலை செய்யும் கடைக்கு விலக்கு உண்டு. பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். ஏற்கெனவே நிலுவை இருந்தால் தொழில் திணைக்களத்தில் தவணை கேட்பது, வழக்கு வரும் வரை இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பாவனையாளர் அதிகாரசபைக்காரர் வந்து வழக்கெழுதிவிட்டார்கள்.

தண்டம் இப்போது சிறிதல்ல. வர்த்தமானியில் உச்ச விலை போட்ட பொருளை அதற்கு மேலே விற்றால், 2021 திருத்தத்துக்குப் பிறகு தனியாளுக்கு ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் ரூபா வரை. ஆகவே “குற்றத்தை ஏற்கிறேன்” என்று சொல்வதற்கு முன் சட்டத்தரணியிடம் குற்றச்சாட்டுத் தாளைக் காட்டுங்கள். ஏஜென்ட் உங்களுக்கே கூடின விலைக்குத் தந்திருந்தால் அந்தப் பில்லும் வேண்டும். பில் தராதவரிடம் சாமான் எடுக்காதீர்கள்.

பொலிசில் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள்.

விளங்காததில் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், 24ஆம் உறுப்புரைப்படி அங்குள்ள நீதிமன்றங்களின் மொழியும் தமிழ்தான். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, அதை மரியாதையாக, உறுதியாகக் கேளுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரியென்றால் மட்டும் கையெழுத்து வையுங்கள். மறுத்தால் வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திலும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். களவு போன சாமான் பற்றி நீங்கள் சொன்னது ஒன்று, எழுதியது இன்னொன்று என்றால், பிறகு நீதிமன்றத்தில் உங்கள் சாட்சியத்தையே அது வெட்டும்.

கடை கணவர் பெயரில். 2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கடனும் எடுக்க முடியவில்லை, ஒன்றையும் மாற்றவும் முடியவில்லை.

இந்தக் கேள்வியோடு வருகிற அக்காமாரிடம் “மரணச் சான்றிதழ் எடுங்கள்” என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவர்களோ, கணவர் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்க மனம் ஒப்பாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். எழுதத் தேவையில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் 2016இல் 16ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. அதன்படி, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். அவரைத் தேடும் உங்கள் உரிமை அதனால் குறையாது.

கடைப்பெயரை உங்கள் பெயரில் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். இத்தனை வருடமாகக் கடையை நடத்துகிறவர் நீங்கள்தானே. காணிதான் சிக்கல். வடக்குத் தமிழருடைய வழக்குச் சட்டமான தேசவழமை பொருந்துகிற பெண்ணுக்கு, தன்னுடைய சீதனக் காணியைக்கூட ஈடுவைக்கவோ விற்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வங்கி உங்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் கணவர் இருக்குமிடம் தெரியாதபோது அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்க, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. அந்த மனுவுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவில் உதவி கேட்கலாம். திருமணச் சான்றிதழ், காணி உறுதி, பொலிசிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ முறையிட்டபோது தந்த துண்டு, வங்கி எழுதிய கடிதம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். காணி கணவரின் பெயரிலேயே இருந்தால் அது வேறு மனு, அதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.